பச்சையாகிப்போன பன்னிரண்டு செடிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதிகூட ஏறவில்லை. அதற்குள் ஓர் அம்மாள் குனிந்து உள்ளே வந்துவிட்டார். கையில் துணிப்பை, பைக்குள் சின்னத் தொட்டியில் ஒரு செடி.

“கண்ணு டெஸ்டிங் பதினோரு மணிக்குத்தாம்மா” என்றார், ஊரில் அவசரம் என்று பட்டப்பெயர் வாங்கியவர்.

“என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. இந்தச் செடிக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்.”

கடை உண்மையில் அவசரத்தின் அக்கா வீட்டுக்காரருடையது. முப்பது வருஷமாக அங்கேயே உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கும் அந்த மனிதரை ஊரில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். ஒருமுறை சாலையோரம் கிடந்த உடைந்த லென்ஸ் ஒன்றை வைத்து, இடித்துவிட்டு ஓடிய வண்டிக்காரன் யார் என்று சொன்னார். அன்றிலிருந்து போலீசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் இவரிடம் வரத் தொடங்கிவிட்டார்கள். அவசரம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்வார். அப்படிப் பிடித்ததில் பாதிப் பேர் பாஸ் வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்.

வந்த அம்மாளை இலையக்கா என்று கூப்பிடுவார்களாம். பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெயிலே படாமல் விளக்கு வெளிச்சத்தில் லெட்டூஸ் என்ற சாலட் கீரையை வளர்த்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறார். அதோடு ஏழு வருஷமாக ஒரு புது ரகத்தையும் உருவாக்கிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும் அளவுக்குச் சிவந்த லெட்டூஸ்.

“பன்னிரண்டே பன்னிரண்டு தாய்ச்செடி. இப்பத்தான் பூக்கத் தண்டு விட்டிருந்துச்சு. அதுலேருந்து விதை எடுத்தாத்தான் அடுத்த தலைமுறை. வியாழக்கிழமை விதைக் கம்பெனிக்காரங்க நேர்ல பார்க்க வர்றாங்க. மகளுக்குப் பிரசவம்னு பத்து நாள் போயிருந்தேன். நேத்து காலைல வந்து பார்த்தா, பன்னிரண்டும் இப்படி நிக்குது.”

செடி வெளிறிய பச்சையில், நூலாக நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் லென்ஸ் பார்க்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு தண்டை அடியிலிருந்து மேல்வரை பார்த்தார்.

“சிவப்பு எங்கேருந்து வருது?” என்று கேட்டார்.

“புற ஊதா விளக்கு. தினமும் ரெண்டு மணி நேரம், பதினொண்ணுலேருந்து ஒண்ணு வரைக்கும். அந்த ஒளி பட்டா இலை தன்னைக் காப்பாத்திக்கச் சிவப்புச் சாயத்தைச் சுரக்கும். நாம வெயிலுக்குக் கறுத்துப்போறோமே, அது மாதிரி. சனிக்கிழமை என் கொழுந்தன்தான் அந்தக் குழாயைக் கழட்டிப் புதுசு போட்டான். எலக்ட்ரீஷியன். பல்புத் தம்பின்னு சொல்வாங்க. பழைய குழாயும் செத்துக் கிடந்தது, புதுசும் தப்பான குழாய், ஒரு வாரமாவே செடி வெளுத்துக்கிட்டு வந்துச்சுன்னு எங்க மேனேஜர் சொல்றார். நேத்து பதினோரு மணிக்கு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினார். குழாய் எரியவே இல்ல.”

“கொழுந்தன் என்ன சொல்றார்?”

“சனிக்கிழமை குழாய் மாட்டும்போது செடியெல்லாம் நல்லாச் சிவப்பாத்தான் இருந்துச்சுங்கறான். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கறான்னு எனக்கு வந்த கோபத்துல, இனி இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதேன்னு துரத்திட்டேன்.” அவர் குரல் இறங்கியது. “ராத்திரி தூக்கம் வரல. இது என் செடி மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. சொன்னா, வருத்தத்துல உங்களுக்கு மூளை குழம்பிடுச்சும்மாங்கறாங்க.”

கண்ணாடிக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து, வெயிலில் போனால் தானாகக் கருக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “மச்சான், கடையைச் சாத்து” என்றார். திறந்தே பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. தடித்த கதவுகள், ஜன்னலே இல்லாத அறைகள். இரண்டாம் அறைக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள். ஊதாவும் ரோஜாவும் கலந்த வெளிச்சத்தில் எல்லோர் முகமும் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிட்டது. நெஞ்சு உயரத்தில் இருந்த நடுத்தட்டில் மீதிப் பதினோரு செடிகள் நின்றன. அவற்றுக்கு மேலே மெல்லிய குழாய் ஒன்று அணைந்து கிடந்தது. தட்டின்மேல், தொட்டிகளுக்கு அடியில் பளபளக்கும் அலுமினியத் தாள் விரித்திருந்தது.

“ஒளி கீழே போய் வீணாகாம, திரும்பி இலையோட அடிப்பக்கமும் படணும்னு விரிச்சது” என்றார் இலையக்கா.

“குழாய் எரிஞ்சா பளிச்சுன்னு தெரியுமா?”

“மத்த விளக்கு எரியறப்ப தெரியவே தெரியாது. உத்துப் பார்த்தா லேசா ஒரு ஊதாக் கோடு, அவ்வளவுதான். அதனாலதான் பதினொண்ணுலேருந்து ஒண்ணு வரைக்கும் கையுறை, கண்ணாடி இல்லாம யாரும் உள்ளே வரக்கூடாதுன்னு சட்டமே போட்டிருக்கேன்.”

மற்ற விளக்குகளைக் கணினி பார்த்துக்கொண்டது. இந்த ஒரு குழாய்க்கு மட்டும் சுவரில் பழைய சுழல் டைமர். சக்கரம் மெல்லச் சுற்றி, குறித்த நேரம் வந்ததும் விளக்கைப் போட்டு அணைக்கும் ரகம். அவசரம் அதன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அத்தான், இங்க பாருங்க. இப்ப மணி பதினொன்றரை. இது ஏழுன்னு காட்டுது. அந்தத் தம்பியோட லட்சணம் தெரிஞ்சுபோச்சு. ஒரு டைமரைச் சரியா வைக்கத் துப்பில்ல.”

கண்ணாடிக்காரர் டைமரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முன்னறையில் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்பது வயதுக்காரர். தடித்த சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, மணிக்கட்டுவரை பொத்தானிட்ட சட்டை. மோவாயும் கன்னத்தின் கீழ்ப்பகுதியும் சிவந்து, தோல் இழுத்துக் கட்டியதுபோல இருந்தன. புறங்கைகளும் அப்படியே.

“என்ன சார், முகமெல்லாம் செவந்துபோயிருக்கு?” என்றார் அவசரம்.

“ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். மைதானத்துல சரியான வெயில்.”

“அன்னிக்கு இங்க வந்தீங்களா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“மேட்ச் முடிஞ்சு, நாலு மணி வாக்குல. திங்கட்கிழமை டெலிவரிக்கான லிஸ்ட் எடுக்கணும். வேனை உள்ளே விட்டுட்டு இந்த மேஜையிலதான் உட்கார்ந்திருந்தேன். ரெண்டாம் ரூம் பக்கமே போகல. போயிருந்தாலும் அந்த நேரத்துல விளக்கு எங்க எரியப்போகுது?”

வாசல் பூட்டு பேட்டரியில் ஓடுவது. யார் எப்போது வந்தார்கள் என்பதைத் தானே குறித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்திருந்தார்கள். பேக்கிங் செய்யும் அம்மா பன்னிரண்டு ஐந்துக்கு வந்து பத்து நிமிஷத்தில் போய்விட்டார். பல்புத் தம்பி பன்னிரண்டு நாற்பதுக்கு. மேனேஜர் நாலு பத்துக்கு வந்து நாலு ஐம்பதுக்குக் கிளம்பியிருக்கிறார்.

பேக்கிங் அம்மாவைப் பார்த்ததும் அவசரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கழற்றச் சொன்னதும் கழற்றினார். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது, இடது கண் லேசாக.

அவசரம் கண்ணாடிக்காரரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். “அத்தான், கேஸ் முடிஞ்சுது. வெல்டிங் பண்றவன் கண்ணாடி போடாம பார்த்தா மறுநாள் கண்ணு செவக்குமே, அதுதான். பன்னெண்டு அஞ்சுக்கு வந்திருக்கு. விளக்கு எரியற நேரம். உள்ளே பூந்து ஏதோ பண்ணியிருக்கு. நான் சொல்றேன், போட்டு அமுக்குங்க.”

“கொஞ்சம் பொறு” என்று கண்ணாடிக்காரர் அந்த அம்மாவிடம் திரும்பினார். “கண்ணு எப்பேருந்தும்மா இப்படி?”

“சனிக்கிழமையே வலது கண்ணுல ஆரம்பிச்சுது சார். காலைல ஒட்டிக்கிட்டுத் திறக்கவே வரல. பேரனுக்கு வந்துச்சு, அவன்கிட்டேருந்து எனக்கு. இப்ப அடுத்த கண்ணுக்கும் தாவுது.”

“ஞாயித்துக்கிழமை எதுக்கு வந்தீங்க?”

“சொட்டு மருந்தை இங்க மறந்து வெச்சுட்டுப் போயிட்டேன். கரண்டு வேற இல்ல. இருட்டுல போன் வெளிச்சத்தை அடிச்சுத் தேடினேன். எங்க வீடும் இதே தெருதான் சார். காலைல எட்டு மணிக்குப் போன கரண்டு பன்னெண்டரைக்குத்தான் வந்துச்சு.”

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். அவசரத்துக்குக் கொஞ்சம் காற்று இறங்கியதுபோல ஆயிற்று.

பிறகு கண்ணாடிக்காரர் இலையக்காவைத் தனியாக உட்காரவைத்து, காலையில் அவர் கொண்டுவந்த செடியை நடுவில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“புற ஊதா ஒளி இல்லாட்டி இலை பச்சையாகும். சரி. தண்டு நீளுமா?”

“கொஞ்சம் நீளலாம். இவ்வளவு நீளாது.”

“எதுக்கு இவ்வளவு நீளும்?”

“சிவப்பு ஒளியிலேயே ரெண்டு வகை இருக்குங்க. ஒண்ணு நம்ம கண்ணுக்கு நல்லாத் தெரியற சிவப்பு. இன்னொண்ணு அகச்சிவப்போட ஓரத்துல, தெரிஞ்சும் தெரியாம இருக்கிறது. ரெண்டாவது அதிகமாப் பட்டா, நாம ஏதோ பெரிய மரத்து நிழல்ல மாட்டிக்கிட்டோம்னு செடி நினைச்சுக்கும். வெளிச்சத்தைத் தேடி எட்டி எட்டி வளரும். பழைய இழை பல்பு, சூடு காட்டற பல்பு, இதுலெல்லாம் அது ஏராளம். அதனாலதான் அந்த மாதிரி பல்பை நான் இந்தக் கட்டடத்துக்குள்ளயே விடறதில்ல.”

“இந்தத் தண்டுல எந்த இடம் ரொம்ப நீண்டிருக்கு, பாருங்க.”

இலையக்கா செடியைக் கையில் வாங்கினார். மண்ணிலிருந்து முதல் இலை இருந்த தழும்புவரை விரல் வைத்து அளந்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“அடியில” என்றார் மெதுவாக.

“அடித்தண்டு எப்ப வளர்ந்தது?”

“முளைச்ச முதல் ரெண்டு வாரத்துல. அதுக்கப்புறம் தடிக்குமே தவிர நீளாது.” நிமிர்ந்தார். கண்கள் விரிந்துவிட்டன. “என் செடிங்க முளைச்சு ரெண்டு மாசம் ஆச்சு. முளைச்சப்ப நான் இங்கதான் இருந்தேன். ஒவ்வொண்ணும் குட்டையா, கொட்டைப்பாக்கு மாதிரி உட்கார்ந்திருந்துச்சு. அப்படின்னா இது என்னோட செடியே இல்ல!”

“இலை வடிவம் ஒண்ணா இருக்கே?”

“என் ரகத்தோட மூலம் ஒரு பச்சை லெட்டூஸ். விதை எந்தக் கடையிலயும் கிடைக்கும். இலை அச்சு அசலா இதே மாதிரிதான். ஐயோ, எனக்கு ஏன் இது நேத்தே தோணாமப் போச்சு!”

“நேத்து நீங்க நிறத்தைப் பார்த்து அழுதுட்டு இருந்தீங்க. தண்டைப் பார்க்க யாருக்குத் தோணும்? உங்க மூளை குழம்பலம்மா. கொழுந்தனுக்குப் போன் பண்ணி வரச் சொல்லுங்க. டைமர்ல மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது.”

மூன்றேகால் மணிக்கு எல்லோரும் இரண்டாம் அறையில் கூடினார்கள். பல்புத் தம்பி கதவோரமாகவே நின்றார். முப்பத்தைந்து வயது ஆள், நேற்றிலிருந்து சவரம் செய்யவில்லை. கண்ணாடிக்காரர் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கொடுத்தார். மேனேஜர் கையுறையை மாட்டும்போது முகத்தைச் சுளித்தார்.

“சார், இதெல்லாம் எதுக்கு?” என்றார் மேனேஜர். “குழாய்தான் செத்துப்போச்சே. நேத்தும் எரியல, இன்னிக்கும் பதினோரு மணிக்கு எரியல.”

“புதுக் குழாய் சார்” என்றார் பல்புத் தம்பி அடித்தொண்டையில். “சனிக்கிழமை போட்டுக் காட்டிட்டுத்தான் போனேன்.”

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்த லென்ஸை எடுத்துத் தட்டில் அலுமினியத் தாளின்மேல் வைத்தார். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. “வெயில்ல இருக்கிற புற ஊதா பட்டா இது கருக்கும். மத்த விளக்குக்கு அசையாது.”

எல்லோரும் காத்திருந்தார்கள். அவசரத்துக்கு நிற்க முடியவில்லை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். சரியாக மூன்றரைக்கு டைமரில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அறையின் வெளிச்சத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் தட்டில் கிடந்த லென்ஸ் கண்ணெதிரே சாம்பல் நிறமாகி, ஒரு நிமிஷத்துக்குள் புகை படிந்ததுபோலக் கறுத்துவிட்டது.

“எரியுது!” என்று கத்தினார் அவசரம். “அத்தான், குழாய் எரியுது!”

“நேத்தும் எரிஞ்சிருக்கு, ஞாயித்துக்கிழமையும் எரிஞ்சிருக்கு” என்றார் கண்ணாடிக்காரர். “பதினோரு மணிக்கு இல்ல, மூன்றரைக்கு. ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கரண்டு போச்சு. பன்னெண்டரைக்கு வந்துச்சு. நாலரை மணி நேரம் இந்தச் சக்கரம் சுத்தாம நின்னுடுச்சு. திரும்ப யாரும் அதைத் தள்ளி வைக்கல.”

பல்புத் தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். “தண்ணி பம்ப் நின்னுடுச்சேன்னு ஓடி வந்து அதைத்தான் பார்த்தேன். இதை மறந்தே போயிட்டேன்.”

“நீங்க மறந்தது நல்லதாப் போச்சு. பேக்கிங் அம்மா வந்தப்ப கரண்டே இல்ல, விளக்கு எரிஞ்சிருக்க வழியில்ல. அவங்க கண்ணு ஒட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா செவந்தது. இந்த விளக்கால வந்தா ரெண்டு கண்ணும் ஒண்ணாச் செவக்கும், மணல் கொட்டின மாதிரி உறுத்தும், ஒட்டாது. எல்லோருக்கும் இன்னொரு விஷயம் சொல்லணும். தட்டுல நிக்கிறது அக்காவோட செடியே இல்ல. எங்கயோ சூட்டு பல்பு அடியில முளைக்கவெச்ச சாதாரணப் பச்சை லெட்டூஸ். யாரோ பன்னிரண்டையும் மாத்தியிருக்காங்க. சனிக்கிழமை சிவப்பைப் பார்த்ததாத் தம்பி சொன்னது நிஜம்.”

இலையக்கா கொழுந்தனைப் பார்க்க முயன்றார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னிரண்டு தொட்டியை வேன்லேருந்து இறக்கி, பேர்ச்சீட்டை மாத்திக் குத்தி, பழசை ஏத்த அரை மணி நேரமாவது வேணும்” என்று தொடர்ந்தார் கண்ணாடிக்காரர். “நாலு மணிக்கு வந்தவருக்கு இந்த விளக்கு ஒரு மணிக்கே அணைஞ்சிருக்கும்னு நினைப்பு. கையுறை போடல. சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டுக் குனிஞ்சு வேலை பார்த்திருக்கார். நெஞ்சு உயரத் தட்டு. மேலேருந்து ஒளி கையில விழும். கீழே இருக்கிற தாள்லேருந்து திரும்பி மோவாய்க்கு அடியில விழும். மேனேஜர் சார், கொஞ்சம் முகத்தைத் தூக்குங்க.”

மேனேஜர் தூக்கவில்லை. “அதான் சொன்னேனே, வெயில்னு.”

“வெயில் மேலேருந்து வரும். முதல்ல நெத்தி, காது மடல், பின்கழுத்து கருகும். உங்களுக்கு அதெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு.”

“தொப்பி போட்டிருந்தேன்.”

“தொப்பி நெத்தியைக் காப்பாத்தும். பின்கழுத்தைக் காப்பாத்துமா? மைதானத்துல உட்கார்ந்தவருக்குத் தாடைக்கு அடியிலயும் மூக்குக்கு அடியிலயும் மட்டும் எப்படிச் சுடும்? மூக்குக்கண்ணாடி உங்க கண்ணைக் காப்பாத்திடுச்சு. அந்த லென்ஸ் இந்த ஒளியை உள்ளே விடாது. சட்டைப் பொத்தானைக் கழட்டுங்க. சிவப்பு முழங்கை வரைக்கும் போய், சட்டை மடிப்பு இருந்த இடத்துல கோடு கிழிச்ச மாதிரி நிக்கும்னு நினைக்கிறேன்.”

மேனேஜரின் வலது கை தானாக இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டது. பேக்கிங் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “அடப்பாவி” என்றார்.

“நாத்து வளர்த்த அறை குளிரா இருந்துச்சு, அதான் சூட்டு பல்பு போட்டேன்” என்றார் மேனேஜர் கடைசியில். யாரும் கேட்காமலே வந்த வார்த்தை அது. “பச்சையா இருந்தாப் போதும், எல்லோரும் விளக்கைத்தான் குறை சொல்வாங்கன்னு நினைச்சேன். வேற ஒரு விதைக் கம்பெனியில பெரிய வேலை தர்றதாச் சொன்னாங்க. செடியோட வந்தா.”

இலையக்காவின் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி ஏன் என்பதல்ல. “என் செடிங்க இப்ப எங்க? உயிரோட இருக்கா?”

“வீட்டு மாடி அறையில இருக்கு.”

“அந்த பல்புக்கு அடியிலயா?” பல்புத் தம்பி முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். “ரெண்டு நாளாவா? அண்ணி, சாவியை வாங்குங்க. இப்பவே போகணும், வாடிப்போயிடும்!”

அவசரமும் பல்புத் தம்பியும் மேனேஜரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வேனில் போனார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பியபோது பின்னால் பன்னிரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றின் கழுத்து முறிந்து தொங்கியது. மற்றப் பதினொன்றும் தளர்ந்திருந்தாலும், மாலை வெளிச்சத்தில் கறுப்பாக மின்னும் சிவப்போடு நின்றன. இலையக்கா ஒவ்வொன்றின் அடித்தண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டே உள்ளே அனுப்பினார். பிறகு மேனேஜரின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, “நாளைக்கு ஸ்டேஷன்ல பேசிக்கலாம்” என்று சொல்லி வாசலைக் காட்டினார்.

பல்புத் தம்பி முறிந்த செடிக்கு ஒரு குச்சியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இலையக்கா பக்கத்தில் போய் நின்றார்.

“தம்பி, நான் பேசினது தப்பு.”

“டைமரை மறந்தது என் தப்புதானே அண்ணி.”

“அது வேற, இது வேற. சிவப்பா இருந்துச்சுன்னு நீ சொன்னப்ப நம்பியிருக்கணும்.”

“ஆமா” என்றார் பல்புத் தம்பி. கட்டின முடிச்சை இறுக்கினார். “அது மட்டும்தான் வலிச்சுது.”

இலையக்கா போனை எடுத்தார். “பெரியத்தையா? நான்தான் பேசறேன். நேத்து தம்பியைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன் பாருங்க, அது அத்தனையும் பொய். அவன் மேல ஒரு தப்பும் இல்ல... ஆமா, என் வாயாலதான் சொன்னேன், இப்ப என் வாயாலயே சொல்றேன்.” வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினார். மூத்த நாத்தனார். அதற்குப்பிறகு தன் மகள். நேற்று ஆத்திரத்தில் ஏழு பேருக்குச் சொல்லியிருந்தாராம். ஏழு பேரையும் ஒருவர் விடாமல் வரிசையாகக் கூப்பிடத் தொடங்கினார். நான்காவது போனின்போதே பல்புத் தம்பி, “போதும் அண்ணி, விடுங்க” என்றார். அவர் விடவில்லை.

அவசரம் உள்ளே போய் ஏதாவது சொல்ல வாயெடுத்தார். கண்ணாடிக்காரர் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். தடித்த கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே ஆறாவது போனுக்கு இலையக்காவின் குரல் தொடங்கியிருந்தது.